படம் பேச இடம் விடுங்கள்: சிறுவர் படப்புத்தகம் குறித்த வாசகர் கேள்விகள்

சிறுவர் படப்புத்தகம் உருவாக்குவது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பழைய வட ஆர்க்காட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பலரும் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, கௌண்டின்ய ஆற்று மணலில் தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போகும் ஒரு சிறுமியைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறேன். ஏறத்தாழ 1,200 சொற்கள் வந்துள்ளன. இதற்கு எத்தனை படங்கள் வேண்டும்? ஓவியரிடம் என்னவென்று எடுத்துச் சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, குடியாத்தம்

பதில்: அம்மா, படங்களின் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம், முதலில் சொற்களைக் குறைக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான படப்புத்தகம் பெரும்பாலும் 500 சொற்களுக்குள் அடங்கிவிடும். தங்கள் கதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் படம் செய்ய வேண்டிய வேலையையும் அதிலுள்ள சொற்களே செய்துவிடுகின்றன. தாங்கள் அனுப்பிய பக்கத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன்: “உச்சி வெயில் கொளுத்தியது. ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சிவப்புப் பாவாடை கட்டிய வள்ளி, செருப்பில்லாமல் சுடுமணலில் தத்தித் தத்தி நடந்தாள். தூரத்தில் ஒரு புளியமரம் தெரிந்தது. அதன் அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.” வெயிலையும், வறண்ட ஆற்றையும், பாவாடையின் சிவப்பையும், கால் பொறுக்காமல் அவள் தத்தி நடப்பதையும், புளியமரத்தையும் ஓவியர் வரைந்துவிடுவார். பக்கத்தில் எழுத்தாக நிற்க வேண்டியது “அதோ, ஏதோ அசைகிறது!” என்பது மட்டுமே. அந்த வரி வலப்பக்கத்தின் முடிவில் வர வேண்டும். குழந்தை தாளைப் புரட்டினால், அசைந்தது ஆட்டுக்குட்டி அன்று, கைலி நெசவுக்காகக் கஞ்சி போட்டு மர நிழலில் நீட்டியிருக்கும் பாவு நூல் என்று தெரிய வேண்டும். தாளைப் புரட்டும் அந்த ஒரு நொடிக்குள் குழந்தை தானாகவே ஒரு விடையை நினைத்துக்கொள்ளும். படப்புத்தகத்தின் சுவையில் பெரும்பகுதி அந்த நொடியில்தான் இருக்கிறது.

பக்கக் கணக்கு அச்சகத்தின் தாளைச் சார்ந்தது. பெரிய தாளில் அச்சிட்டு மடிப்பதால் பக்கங்கள் எட்டு எட்டாகவோ பதினாறு பதினாறாகவோ, அதாவது பாரம் பாரமாகவே வரும். ஆகவேதான் படப்புத்தகங்கள் 16, 24, 32 என்ற கணக்கில் அமைகின்றன. தங்கள் கதைக்கு 24 பக்கம் போதும். முதல் பக்கம் தலைப்புக்கும், இரண்டாம் பக்கம் பதிப்பு விவரத்துக்கும் போய்விட்டால், 3ஆம் பக்கமும் 24ஆம் பக்கமும் தனித்தனியாக நிற்க, இடையில் பத்து இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். கதையைப் பத்து நிகழ்ச்சிகளாகப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆறு வெள்ளைத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 24 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், கையில் வந்துவிடும். தட்டச்சு செய்த கதையைக் கத்தரித்து அதில் ஒட்டி, வாய்விட்டுப் படித்தபடியே பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எங்கே சொல் மிகுதி, எங்கே புரட்டுவதற்குக் காரணமே இல்லை என்பது தங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

ஓவியரிடம் அந்த டம்மியைக் கொடுங்கள். மரம் எந்தப் பக்கம், பாவாடையில் என்ன பூ என்றெல்லாம் குறித்துக் கொடுக்காதீர்கள். அது அவருடைய வேலை. எழுத்தில் இல்லாமல் படத்தில் மட்டும் இருக்க வேண்டிய செய்தி எதுவோ அதைக் குறிப்பிட்டால் போதும். ஆட்டுக்குட்டி தொலையவே இல்லை, முதல் பக்கத்திலிருந்தே சிறுமியின் பின்னால் அது வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? சொற்கள் “காணோம், காணோம்” என்றே சொல்லும், படிக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தை “பின்னால் பார்!” என்று கத்தும். இம்மாற்றத்தைத் தாங்கள் விரும்பினால், ஓவியருக்கான குறிப்பு அந்த ஒரு வரிதான்.

கேள்வி: எங்கள் ஊரில் தமிழ் பேசும் குழந்தைகளும் உருது பேசும் குழந்தைகளும் ஒரே தெருவில் விளையாடுகிறார்கள். ஒரே படங்களை வைத்துக்கொண்டு தமிழில் ஒன்று, உருதுவில் ஒன்று என இரண்டு புத்தகங்கள் அச்சிட எண்ணியிருக்கிறோம். எழுத்தை மட்டும் மாற்றினால் போதுமல்லவா?
— நூலகப் பணியாளர், ஆம்பூர்

பதில்: போதாது. ஆனால் தாங்கள் நினைத்திருப்பது மிக நல்ல காரியம். தொடக்கத்திலேயே திட்டமிட்டால் நிச்சயம் முடியும்.

உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், தமிழ் வாசகர் பின்னட்டை என்று நினைக்கும் பக்கத்திலிருந்துதான் உருதுப் புத்தகம் தொடங்கும். தமிழ்ப் புத்தகத்தில் வலப்புறம் பார்த்து ஓடும் சிறுவன் அடுத்த பக்கத்தை நோக்கி ஓடுகிறான். அதே படம் உருதுப் புத்தகத்தில் இடம்பெற்றால், அவன் வந்த வழியே திரும்பி ஓடுவதாகத் தோன்றும். இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. தமிழ்ப் புத்தகத்தின் இரட்டைப் பக்கத்தில் கண் கடைசியாகச் சென்று சேரும் வலக்கோடியில்தான் நாம் வியப்பை ஒளித்து வைப்போம். உருது படிக்கும் குழந்தையின் கண் முதலில் விழும் இடமே அதுதான் என்பதால், கதை தொடங்குமுன்பே முடிச்சு அவிழ்ந்துவிடும்.

படங்களைக் கணினியில் இடவலமாகத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். திருப்பிய படத்தைக் கூர்ந்து பாருங்கள்: வலக்கையால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் இடக்கையால் சாப்பிடுவார்கள், இடத்தோளில் கிடந்த முந்தானை வலத்தோளுக்குப் போயிருக்கும், பேருந்தின் படிக்கட்டு நடுச்சாலைப் பக்கம் திறந்திருக்கும், தையல் எந்திரத்தின் சக்கரம் இடப்புறம் சுற்றும், கடைப் பலகையின் எழுத்தும் கடிகாரத்தின் எண்களும் இடவலம் மாறிவிடும். பெரியவர்கள் இவற்றைக் கவனிக்காமல் போகலாம். ஒரே படத்தை நூறு முறை பார்க்கும் குழந்தை கவனிக்காமல் இராது.

எனவே நான் பரிந்துரைப்பது வேறு ஒன்று. இரண்டு புத்தகங்களுக்குப் பதிலாக ஒரே புத்தகம் செய்யுங்கள். ஒரு பக்கம் தமிழ் அட்டை, மறுபக்கம் உருது அட்டை. தமிழ்க் கதை இடப்புறத்து அட்டையிலிருந்தும் உருதுக் கதை வலப்புறத்து அட்டையிலிருந்தும் தொடங்கி, இரண்டும் நடுப்பக்கத்தில் வந்து சேரட்டும். இரு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் செல்வது இங்கே இடையூறாக இல்லாமல் கதையின் அமைப்பாகவே மாறிவிடுகிறது. தெருவின் ஒரு முனையிலிருந்து பட்டம் துரத்தி வரும் சிறுமி, மறுமுனையிலிருந்து அதே பட்டத்தைத் துரத்தி வரும் சிறுவன், நடுப்பக்கத்தில் இருவர் கையிலும் ஒரே நூல் என்று ஒரு கதையை அமைத்தால், படங்களின் எண்ணிக்கையும் அச்சுச் செலவும் ஒரு புத்தகத்துக்கு உரிய அளவே ஆகும். நடுப்பக்கத்தில் எழுத்தே இல்லாமல் விட்டால் இன்னும் நல்லது.

எழுத்துக்கு இடம் ஒதுக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். உருது அச்சில் வழங்கும் நஸ்தலீக் எழுத்துமுறை சரிந்து இறங்குவது. அதற்கு வரிகளுக்கிடையே உயரம் மிகுதியாக வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அவற்றுக்கு அகலம் வேண்டும். சித்தூர்ப் பக்கத்து நண்பர்களுக்காகத் தெலுங்கில் ஒரு பதிப்பு கேட்டு வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். அதற்குப் படத்தைத் தொட வேண்டியதே இல்லை. எழுத்து முழுவதையும் தனிக் கருப்பில் மட்டும் வைத்திருந்தால், வண்ண அச்சின் நான்கு மைகளுக்கும் தனித்தனியாக உள்ள பிளேட்டுகளில் (அச்சுத் தகடுகளில்) கருப்புக்கு உரியதை மட்டும் மாற்றி, மற்ற மூன்றையும் அப்படியே பயன்படுத்தலாம்.

கேள்வி: நான் வரையும் சிறுமி ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு பெண்ணாகத் தெரிகிறாள். என்ன செய்வது?
— கல்லூரி மாணவி, வாணியம்பாடி

பதில்: முகத்தைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள் என்று தாங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தால் தெரிகிறது. உடலின் அளவுதான் முதலில் மாறுகிறது. வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழு முதல் ஏழரைத் தலையளவு இருக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஐந்து முதல் ஆறு தலையளவு வரை இருக்கும். தங்கள் சிறுமி இரண்டாம் பக்கத்தில் ஐந்து தலை உயரமும் ஒன்பதாம் பக்கத்தில் ஆறரைத் தலை உயரமும் இருக்கிறாள். கண்ணும் மூக்கும் மாறாவிட்டாலும் அவள் அக்காவைப் போலத் தெரிவது அதனால்தான்.

கதைப் படங்களைத் தொடங்குமுன், முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், உட்கார்ந்த நிலை, ஓட்டம், அழுகை என அந்தச் சிறுமியை மட்டும் ஒரே தாளில் வரைந்து கண்முன் ஒட்டி வையுங்கள். பிறகு அவ்வுருவங்களை முழுக் கருப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் அவளை அடையாளம் காண முடிந்தால் உருவம் தேறிவிட்டது. முடியாவிட்டால் ஒரு பக்கமாகத் தூக்கிக் கட்டிய ஒற்றைச் சடை, அளவில் பெரிய அண்ணன் சட்டை என உருவத்திலேயே தெரியும் அடையாளம் ஒன்றைக் கொடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் பென்சில் கோட்டை முடித்த பிறகே முதல் பக்கத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும் என்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலூர்க் கோட்டையைக் களமாக வைத்துப் படங்கள் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சுற்றுலா விளம்பரத்தைப் போல் இருக்கிறது என்கிறார்கள். எங்கே குறை?
— இளம் ஓவியர், வேலூர்

பதில்: தாங்கள் கோட்டையை வரைந்திருக்கிறீர்கள், கோட்டைக்குள் இருக்கும் குழந்தையை வரையவில்லை. எல்லாப் படங்களிலும் அகழிக்கு அப்பால், உயரத்திலிருந்து பார்த்த காட்சியே இருக்கிறது. ஆறு வயதுச் சிறுவனின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருப்பது. அவனுக்குக் கோட்டை முழுவதாகத் தெரியாது. கருங்கற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடுக்கும், அதில் முளைத்த புல்லும், கடலைக்காரரின் கூடையும், பெரியவர்களின் முழங்கால்களும்தான் தெரியும். ஒரு மாலை முழுவதும் அங்கே தரையில் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்கால் தூக்கி நிற்கும் யாளிகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து வரையுங்கள். அந்தக் கோணத்தில் யாளிக்கு உயிர் வந்துவிடும். குழந்தைக்கு அச்சமும் ஆசையும் ஒன்றாக எழும். முழுக் கோட்டையையும் காட்டும் படம் புத்தகத்தில் ஒன்றே ஒன்று வரட்டும். அதுவும் சிறுவன் மதிலின்மேல் ஏறிய பிறகு வரட்டும்.

இதே கோட்டையில் 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் நடந்த சிப்பாய்ப் புரட்சியைச் சிறுவர்களுக்குப் படமாக்க வேண்டும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய வகைத் தொப்பியை அணிய வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், நெற்றியில் சமயச் சின்னம் கூடாது என்ற ஆணைகளே அப்புரட்சிக்கு உடனடிக் காரணங்களாக இருந்தன. அதனால் இங்கே உடையும் முகமும் வெறும் அலங்காரம் அல்ல, அவையே கதை. ஆணைக்கு முன் சிப்பாய் எப்படி இருந்தார், ஆணை அவரை எப்படி மாற்ற முயன்றது என்பதை இரண்டு படங்களில் காட்டிவிட்டால், பாதி வரலாற்றுக்கு எழுத்தே தேவைப்படாது. அருங்காட்சியகத்தில் உள்ளவற்றையும் அக்காலத்துச் சித்திரங்களையும் பார்க்காமல் ஒரு தொப்பியைக்கூடக் கற்பனையாக வரைய வேண்டாம்.

கேள்வி: குழந்தைகள் புத்தகத்துக்குத் தமிழ் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்? வரிகளை எப்படிப் பிரிப்பது?
— டி.டி.பி. நிலையம் நடத்துபவர், ஆற்காடு

பதில்: எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைகளுக்கு 18 முதல் 22 புள்ளி (பாயிண்ட்) அளவு வரை வைக்கலாம். தமிழில் இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே எழுவதாலும், உகர, ஊகாரங்கள் கீழே இறங்குவதாலும் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். இரு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று வரியை இழுத்து நிரப்பாதீர்கள். சொற்களுக்கிடையே ஓட்டை விழும். இடப்புறம் மட்டும் ஒழுங்கு செய்தால் போதும்.

வரி பிரிப்பது பொருளைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. “அம்மா கடைக்குப்” என்று ஒரு வரியும் “போனாள்” என்று மறுவரியும் வைத்தால், வல்லெழுத்து அந்தரத்தில் தொங்க, குழந்தை அங்கேயே தடுக்கி நிற்கும். “அம்மா” என்று ஒரு வரி, “கடைக்குப் போனாள்” என்று மறுவரி என்றால் மூச்சோடு வாசிப்பும் போகும். எழுத்துகளின் இடைவெளியைப் பெருக்கி அழகு செய்ய முயன்றால், கொம்பு தனியாகவும் மெய் தனியாகவும் பிரிந்து நிற்கும். இதைச் செய்யவே கூடாது. இருண்ட படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைப்பதையும் இயன்றவரை தவிர்க்கவும். ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிகளில் மை புகுந்து அடைத்துக்கொள்ளும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றினால், ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் இடையே குழப்பம் நேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள்.

கேள்வி: கணினித் திரையில் பளிச்சென்று இருந்த என் படங்கள் அச்சில் மங்கிப்போயின. அச்சகத்தின் தவறா?
— ஓவியர், காட்பாடி

பதில்: பெரும்பாலும் இல்லை. திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. கிளிப்பச்சை, ஒளிரும் ஆரஞ்சு, மின்னும் நீலம் ஆகியவற்றை நான்கு வண்ண மையால் அப்படியே கொண்டுவர இயலாது. தொடக்கத்திலிருந்தே சி.எம்.ஒய்.கே. என்னும் நான்கு மை முறையில் வண்ணம் பார்த்து வேலை செய்யுங்கள். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பூச்சுள்ள ஆர்ட் தாளைவிட அதில் வண்ணம் இன்னும் அடங்கியே தெரியும். அச்சாகும் இறுதி அளவில் படம் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். நான்கு ஓரங்களிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்திருக்க வேண்டும். நடு மடிப்பில் முகமோ எழுத்தோ வரக்கூடாது; முதுகில் பசை ஒட்டிக் கட்டும் புத்தகத்தில் மடிப்பு இன்னும் மிகுதியாக விழுங்கிவிடும். மெல்லிய படப்புத்தகத்துக்கு நடு மடிப்பில் கம்பி அடிக்கும் சென்டர் பின்தான் பொருத்தம். புத்தகம் நன்றாக விரிந்து கொடுக்கும்.

கேள்வி: ஒரு பதிப்பகத்துக்குப் படம் வரைந்து கொடுக்கிறேன். ஒப்பந்தம் ஏதும் இல்லை, ஒரே தொகை என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
— ஓவியர், ராணிப்பேட்டை

பதில்: தொகை உங்கள் விருப்பம், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் மட்டும் வேலையைத் தொடங்காதீர்கள். ஒருவர் கேட்டதற்காகப் பணம் பெற்றுக்கொண்டு தீட்டிய ஓவியத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. வாய்ப்பேச்சில் விட்டால் இழப்பு ஓவியருக்குத்தான். எந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு, எத்தனை பதிப்புக்கு, மூலப் படங்கள் யாரிடம் இருக்கும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். உரிமையைக் கொடுத்துவிட்டாலும், படைத்தவர் தாமே என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியரிடமே இருக்கும். ஆகவே அட்டையில் எழுத்தாளர் பெயருக்கு அருகில் உங்கள் பெயரும் வர வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். படப்புத்தகத்தில் ஓவியர் கதையின் பாதியைச் சொல்கிறார். உள்பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் அவர் பெயரைப் போடுவது முறையாகாது.

கேள்வி: எங்கள் மலைப்பள்ளிக் குழந்தைகள் சாமை அறுப்பு, தேனெடுப்பு, பலா மரம் பற்றியெல்லாம் கதை சொல்கிறார்கள். அவற்றைப் புத்தகமாக்க ஆசை. கையில் பணம் இல்லை.
— ஆசிரியர், ஜவ்வாது மலை

பதில்: ஒரு ஏ3 தாள் போதும். அதை எட்டுக் கட்டங்களாக மடித்து, நீளவாக்கில் உள்ள நடுமடிப்பின் மையத்தில் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டி, மீண்டும் மடித்தால் பின்னும் பசையும் இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். முன்னட்டையும் பின்னட்டையும் போக ஆறு பக்கம் கதைக்கு. ஒரு முகத்தில் மட்டுமே அச்சு இருப்பதால் ஒரு பிரதிக்கு ஒரு நகல் எடுக்கும் செலவுதான்.

நகல் எந்திரத்துக்குப் பென்சில் கோடு சரியாகப் பிடிபடாது. மெல்லிய வண்ணப் பூச்சு அழுக்காக விழும். எனவே குழந்தைகள் கருப்பு மையில், தடித்த கோடுகளில் வரையட்டும். அடர்ந்த கருப்பும் வெறும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நகலிலும் படம் எடுப்பாக இருக்கும். வண்ணம் வேண்டுமானால் மஞ்சள் தாளில் நகல் எடுங்கள். தேனெடுப்புக் கதைக்கு அது பொருந்தும். அவர்களின் படங்களைத் திருத்தாதீர்கள். தேனீக்கள் மனிதனைவிடப் பெரிதாக இருந்தால் அந்தக் குழந்தைக்குத் தேனீ அவ்வளவு பெரியது என்று பொருள். எழுத்தையும் அவர்கள் பேசும் சொற்களிலேயே வையுங்கள்.

பள்ளிக்குள் படிப்பதற்கு ஐ.எஸ்.பி.என். என்னும் புத்தக அடையாள எண் தேவையில்லை. பின்னாளில் நன்கு வந்தவற்றைத் தொகுத்து 16 பக்கத்தில் சென்டர் பின் அடித்து விற்க எண்ணினால், ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமையிடம் விண்ணப்பித்து எண்ணைக் கட்டணமில்லாமல் பெறலாம். அப்போது வரைந்த குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் படத்தின் அருகிலேயே அச்சிட்டுவிடுங்கள்.